இடிவதற்கு முன் இருந்த வாசல்

தம்பி,

கடையில் இப்போது யாரும் இல்லை. மேகமலையிலிருந்து மாத்திரை வாங்க இறங்கி வருகிறவர்கள் மதியப் பேருந்துக்கே திரும்பிவிட்டார்கள். கரண்ட் போய் வெகு நேரமாகிறது. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் ‘சரிப்பா, சரிப்பா’ என்று நீ முடித்துவிடுகிறாய். எனக்கும் முன்போல ஒரே மூச்சில் பேச முடியவில்லை. சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. சாயங்காலமானால் கால் இரண்டும் வேறு யாருடையவோ போலக் கனக்கின்றன. எழுதுவதில் ஒரு வசதி, நடுவில் யாராவது இருமல் மருந்து கேட்டு வந்தால் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நீயும் ‘சரிப்பா’ சொல்லி என்னை நிறுத்த முடியாது.

சுகன்யா நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ போன் செய்யும்போதெல்லாம் அதை மட்டும் கேட்காமல் மழை பெய்ததா, அம்மாவுக்கு முழங்கால் எப்படி என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறாய். நன்றாகச் சாப்பிடுகிறாள். அவள் சொல்லி உன் அம்மா காபியில் சர்க்கரையைக்கூடக் குறைத்துவிட்டாள். நான் பல வருடம் சொல்லியும் குறையாதது அது.

அவள் வந்த காலையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பெங்களூர் பேருந்து வந்து போன கொஞ்ச நேரத்தில் வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. நான் கடைக்குக் கிளம்பிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு பையோடு நின்றாள். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகாத பெண் ஒற்றைப் பையோடு தனியாக வந்து நின்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். உன் அம்மா கையிலிருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

“ஆத்தா, நீ மட்டுமா வந்த? அவன் எங்க?”

“அவுகளுக்கு வேலை இருக்கு அத்தை. நான் மட்டுந்தான் வந்தேன்.”

“போடிக்குப் போகலையா? உங்க வீட்டுல தேடுவாகளே?”

“அங்கன போனா பெரிசாயிரும். எங்க அப்பா கேட்ட நிமிசமே கடையைச் சாத்திட்டு பெங்களூருக்குக் கிளம்பிருவாக. இங்கனன்னா நீங்க ரெண்டு பேரும் கேட்டுட்டுச் சும்மா இருப்பீகன்னு நெனச்சேன்.”

அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை. என்ன நடந்தது என்று உன் அம்மா மெல்ல மெல்லக் கேட்டு வாங்கினாள். கம்ப்யூட்டர் கேம் ஒன்றில் ஆரம்பித்த சண்டை என்றதும் நான் குறுக்கே புகுந்து, “ஒரு விளையாட்டுக்காகவாம்மா பஸ் ஏறி வந்த? கொஞ்சம் அனுசரிச்சுப் போகக்கூடாதா?” என்று கேட்டுவிட்டேன். அவள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். வாழ்நாளெல்லாம் மருந்து விற்றவன், எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே ஒரு மாத்திரையை எடுத்து நீட்டியது போல ஆகிவிட்டது. கடைக்கு வந்த பிறகும் அன்று முழுக்க மனசு ஒட்டவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். நீ எனக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னாள். இதை உன் மேல் குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொள்ளாதே. அவள் உன்னை விட்டுக்கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ‘அவுக’ என்று ஆரம்பித்து, கொஞ்சம் நிறுத்தி, நல்லபடியாகச் சொல்ல முடிகிறதா என்று பார்த்து, முடியாதபோதுதான் உள்ளது உள்ளபடி சொன்னாள்.

உன் சின்ன வயது விளையாட்டுக்கு, கல்லைத் தள்ளிக் கதவைத் திறக்கிற அந்த விளையாட்டுக்கு, இத்தனை வருடம் கழித்து இரண்டாம் பாகம் வந்திருப்பதை நீ எனக்கும் போன் போட்டுச் சொன்னாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. “இதுல ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாம்ப்பா, நானும் சுகன்யாவும் ஆடப்போறோம்” என்றாய். நல்ல விஷயம்தான் என்று நானும் நினைத்தேன். அதில் தப்பு எங்கே வந்தது என்றால், முதல் பாகத்தை ஒரு நாள்கூடப் பார்க்காத பெண்ணை நேராகக் கொண்டுபோய் இரண்டாம் பாகத்தின் முன்னால் உட்கார வைத்ததில் வந்தது. அவள் கேட்டிருக்கிறாள், பழையதை முதலில் ஆடிப் பார்க்கட்டுமா என்று. “அதெல்லாம் பழசு, பார்க்கவே நல்லா இருக்காது, ஆட ஆடத் தானா வந்துடும்” என்று சொல்லியிருக்கிறாய்.

அவளுக்குத் தானாக வரவில்லை. கல்லைத் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாது. அந்த விளையாட்டில் அதை யாரும் எழுதிவைக்கவும் இல்லை, நீயும் சொல்லவில்லை. உனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. அவள் கல்லை மூலைக்குத் தள்ளிவிட்டு அதை வெளியே எடுக்கப் பார்த்திருக்கிறாள். “ஐயோ, மூலைக்குப் போச்சே” என்று நீ தலையில் அடித்துக்கொண்டாயாம். மறுபடி ஆரம்பம். மறுபடி மூலை. மூன்றாம் நாள் அவள் பக்கத்து விசைகளையும் நீயே எடுத்து, இரண்டு பேர் ஆட வேண்டியதை ஒரு ஆளாக ஆடி முடித்திருக்கிறாய். ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்கு வந்த அன்று, “எம்.எஸ்சி. படிச்சிருக்கா, ஒரு கல்லைத் தள்ளத் தெரியல” என்று சொல்லிச் சிரித்தாய். நீ கேலியாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அவர்களும் சிரித்தார்கள். அவள் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். நீ இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தாயாம்.

“விளையாட்டு மட்டும்னா நான் வந்திருக்க மாட்டேன் மாமா,” என்றாள். “அங்கன எல்லாமே அப்படித்தான் இருக்கு. அவுக பிரண்ட்ஸ் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாக, அது காலேஜ்ல நடந்த கதையாம். எனக்கு யாரும் சொல்றதில்ல. கடைக்குப் போனா கன்னடத்துல பேசுன்னு சொல்றாக, ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுக்க நேரமில்ல. நடுவுல கொண்டாந்து எறக்கிவிட்டுட்டு, ஏன் முழிக்கிறன்னு கேட்டா நான் என்ன சொல்ல?”

பிறகு அவளே, “அந்த முதல் பாகம் இங்கன இருக்கா மாமா?” என்று கேட்டாள்.

இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைக் கடை பில் போடத்தான் வாங்கினேன், நினைவிருக்கிறதா? தேனியிலிருந்து வந்து மாட்டிக்கொடுத்தவர் போகிறபோக்கில் உனக்காக அந்த விளையாட்டையும் போட்டுவிட்டுப் போனார். நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. கடைக்கென்று வாங்கியது கடைசியில் வீட்டிலேயே தங்கிவிட்டது. நீ கல்லூரிக்குப் போன பிறகு உன் அம்மா அதன்மேல் ஒரு பழைய சேலையை மடித்துப் போட்டு மூடிவைத்தாள். மாதம் ஒரு முறை நான்தான் போட்டுப் பார்ப்பேன், கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று. அந்தப் பெண் கேட்டதும் சேலையை எடுத்தோம். பெட்டி மாதிரி டிவி, தட்டினால் சத்தம் போடும் கீபோர்டு. உயிர் வர நேரம் எடுத்தது; ஆனால் வந்தது. சாம்பல் நிறச் சுவர்கள், நடுவில் தொப்பி போட்ட அந்தக் குட்டி மனிதன். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. கல் நகரும்போது மட்டும் ஒரு உரசல் சத்தம்.

முதல் அறையில் என்ன இருக்கிறது என்று உனக்கு நினைவிருக்கிறதா தம்பி? ஒரு கல், தரையில் ஒரு பலகை, ஒரு கதவு, அவ்வளவுதான். பலகைமேல் அவன் நின்றால் கதவு திறக்கிறது, இறங்கினால் மூடுகிறது. சுகன்யா ஏறினாள், இறங்கினாள், ஏறினாள், இறங்கினாள். பிறகு கல்லைத் தள்ளிப் பலகைமேல் வைத்தாள். கதவு திறந்தே நின்றது. “அட!” என்றாள். அடுத்த அறையில் கல்லை மூலைக்குத் தள்ளினாள். அந்த மூலையை அங்கே தெரிந்தே வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முதல் தடவை ஆடுகிற யாரும் அந்த மூலைக்குத்தான் தள்ளுவார்கள். சிக்கிக்கொண்டது. இழுக்கப் பார்த்தாள், வரவில்லை. திரும்ப ஆரம்பித்தாள். அறை சின்னது, இழந்தது ஒன்றும் இல்லை, திட்ட யாரும் இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன்தான், ஆனால் எனக்கும் ஒன்றும் தெரியாது. “ஓ, இழுக்க முடியாதா, அப்ப தள்றதுக்கு முன்னாடியே யோசிக்கணும்” என்று அவளே சொன்னாள். நீ மூன்று நாள் தலையில் அடித்துக்கொண்டும் அவளுக்குப் போய்ச் சேராதது அங்கே ஒரு டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தது.

உனக்கும் அப்படித்தான் அது போய்ச் சேர்ந்தது. நீ மறந்துவிட்டாய், நான் பார்த்துக்கொண்டிருந்தவன், எனக்கு நினைவிருக்கிறது. ஒரு அறையில் நீ நாள்கணக்காகச் சிக்கிக் கிடந்தாய். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாய். உன் அம்மா தோசையைக் கொண்டுவந்து கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைப்பாள். நான் பொறுக்காமல், “ஏலே, உன் கூடப் படிக்கிறவன் எவனுக்காவது விடை தெரிஞ்சா கேட்டுக்கோயேன்” என்றேன். “சொல்லாதீகப்பா, நானே கண்டுபிடிக்கிறேன்” என்று கத்தினாய். அப்புறம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு ஓடிவந்து அதை முடித்தாய். சட்டையெல்லாம் நுரை. உன் அம்மா திட்டிக்கொண்டே சிரித்தாள். அத்தனை நாளும் நீ எத்தனை தடவை முட்டாள்தனமாகத் தள்ளியிருப்பாய்! யாரும் எண்ணவில்லை, யாரும் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. இந்த ஊரின் மதிய வெயிலில், மூடிய அறையில், தனியாகத் தப்புச் செய்யும் வசதி உனக்குக் கிடைத்தது. இன்று உன் விரல்களுக்குத் தெரிந்திருப்பது எல்லாம் அந்த வசதியில் வந்தது. அது இல்லாத ஒருத்தியை உன் வேகத்துக்கு ஓடச் சொன்னால் அவள் விழத்தான் செய்வாள்.

அந்த வாரத்திலிருந்து தினமும் ஆடினாள். நான் கடைக்குப் போவதற்கு முன் கொஞ்சம், மதியம் சாப்பிட வரும்போது கொஞ்சம். எனக்கு முதலில் களைப்பாகத்தான் இருந்தது. திரையை உற்றுப் பார்த்தால் கண்ணில் நீர் வரும். ஆனாலும் அவள் ஒரு கல்லை நகர்த்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். எழுந்து போக மனசு வராது. இரண்டு பேரும் ஒரே அளவு தெரியாதவர்களாக இருந்தோம். நான் ஒன்று சொல்வேன், தப்பாகப் போகும், “மாமா, உங்க பேச்சைக் கேட்டுக் கெட்டேன்” என்பாள். அவள் ஒன்று செய்வாள், தப்பாகப் போகும், நான் கம்மென்று இருப்பேன். இந்தப் பெண் இவ்வளவு பேசுவாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நடுவில் கரண்ட் போய்விடும். நீ ஊரை விட்டுப் போன பிறகு மின்வெட்டு தினசரி ஆகிவிட்டது. அந்த அறையை முடிக்கும் முன் அணைந்தால் அறை முதலிலிருந்துதான். ஒரு நாள் நிறையக் கல் இருந்த ஒரு அறையில், இன்னும் கொஞ்சந்தான் பாக்கி என்ற நேரத்தில் போய்விட்டது. அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், நான் கடையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த காலி மருந்து அட்டைப்பெட்டிகளை எல்லாம் அள்ளிவந்து, ஹாலில் டைல்ஸ் தரையில் அந்த அறையை அப்படியே அடுக்கினாள். ஒரு டைல்ஸ் ஒரு கட்டம். சோபாதான் சுவர். நான் தொப்பிக்காரன். “வலது பக்கம் வாங்க மாமா, இப்பத் தள்ளுங்க, ஒரு கட்டம் போதும்” என்று அவள் சொல்ல, நான் இந்தக் காலை வைத்துக்கொண்டு பெட்டியைத் தள்ளினேன். உன் அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? இந்த வயசுல பெட்டியை மிதிச்சு விளையாடுறீகளே” என்று கத்தினாள். நான் ஒரு பெட்டியை மூலையில் சிக்கவைத்துவிட்டேன். குனிந்து கையால் எடுக்கப் போனேன். “தொடக்கூடாது, தொடக்கூடாது” என்று சுகன்யா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். ஒற்றைப் பையோடு வந்து நின்றதற்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். முதல் பாகத்தில் பாதிக்கு மேல் ஒரு இடத்தில் அலுப்புத் தட்டுகிறது. ஒரே மாதிரி அறைகள், கல்லுக்கு மேல் கல். எனக்கே ‘போதும், விட்டுவிடலாம்’ என்று தோன்றியது. இரண்டு நாள் அவள் அதைத் தொடவேயில்லை. அந்த இரண்டு நாளும் மறுபடி வந்த அன்று இருந்தது போலவே இருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில். தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், போய்ப் பார்க்கட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டாள். உன் அம்மா என்னிடம் வந்து சொன்னபோது அவள் குரல் இறங்கியிருந்தது. “அவ இங்கனயே இருந்துருவாளோன்னு பயமா இருக்கு. இருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுக்கா கட்டி வச்சோம்?” என்றாள். அன்று கடையில் ஒருவருக்கு மாத்திரை மாற்றிக் கொடுக்கப் போய்க் கடைசி நிமிடத்தில் பார்த்து நிறுத்தினேன். அவ்வளவு குழப்பம்.

மூன்றாம் நாள் அவளே மறுபடி உட்கார்ந்தாள். அலுப்பான அறைகள் முடிந்து ஒரு பெரிய கூடம் வந்தது. இவ்வளவு நேரமும் சாம்பல் சுவராகவே பார்த்து வந்த கண்ணுக்கு அது சட்டென்று ஒரு அரண்மனை போல இருந்தது. உயரமான வாசல். அதன்மேல் இறக்கை விரித்த பறவை ஒன்று செதுக்கியிருந்தது. தொப்பிக்காரன் அதன் கீழே எறும்பு மாதிரி நின்றான். சுகன்யா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“மாமா, இந்த வாசலை நான் பாத்திருக்கேன்.”

“எங்கம்மா பாத்த? இப்பத்தானே இங்க வந்தோம்?”

“ரெண்டாவது பாகத்துல. ஆரம்பமே இதுதான். இடிஞ்சு கெடக்கும். பறவைக்குத் தலை இருக்காது, ஒரு இறக்கை தரையில கெடக்கும், செடியா மொளச்சிருக்கும். அதைப் பாத்ததும் அவுக ‘அடப்பாவிகளா’ன்னு எந்திரிச்சு நின்னுட்டாக. எனக்கு ஒண்ணும் புரியல. ஏதோ இடிஞ்ச சுவரு, இதுக்கு ஏன் இப்படிப் பதர்றாகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ‘உனக்கு ஒண்ணுமே தோணலையா’ன்னு கேட்டாக. தோணலைன்னேன். அவுக மூஞ்சி சுருங்கிப்போச்சு.”

பிறகு அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டு சொன்னாள், “இது நல்லா இருந்தப்ப நானும் பாத்திருந்தா, அங்கன இடிஞ்சதைப் பாத்து அவுக கூட நானும் பதறியிருப்பேன்ல மாமா?”

தம்பி, நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு கேள்விக்காகத்தான். போன வாரம் நீ போனில் என்னிடம் வாதாடினாய். முதல் பாகம் பழசு, படம் தெளிவில்லை, கதை தனித்தனி, இரண்டாவதை ஆடினாலே எல்லாம் புரிந்துவிடும், இந்தக் காலத்தில் யாருக்கும் அவ்வளவு நேரமில்லை என்றாய். எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் இடிந்த வாசலைப் பார்த்து நீ எழுந்து நின்றாயே, அது அந்த இரண்டாம் பாகத்தில் இல்லை. உன் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நீ எடுத்துக்கொண்டு போனது அது. முதலாவதை ஆடாதவருக்கு அது வெறும் கல்லும் செடியும்தான். கல்லைத் தள்ளக் கற்றுக்கொள்வதற்காக மட்டும் முதல் பாகத்தை ஆடச் சொல்லவில்லை. அதை ஒரு மணி நேரத்தில் யாரும் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்த இடத்தோடு ஒரு பழக்கம் வர வேண்டும், அங்கே அலுத்துப்போயிருக்க வேண்டும், சிக்கிக் கிடந்திருக்க வேண்டும். அதன்பிறகுதான் அது இடிந்தால் வலிக்கும். உனக்கு வலித்தது அவளுக்கு வலிக்கவில்லை என்று நீ கோபப்பட்டாய். அவளுக்கு வலிக்க நீ வழியே வைக்கவில்லை.

எனக்கு அலுப்பாக இருக்கிறது தம்பி. அறுபதைத் தாண்டிய பிறகு பிள்ளைகளின் குடித்தனத்துக்குள் தலையிட்டுப் புத்தி சொல்வது எனக்குப் பிடித்த வேலை இல்லை. நீயாகவே கண்டுபிடிப்பாய் என்று விட்டிருப்பேன். ஆனால் தேனிப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் பதில் கேட்டிருக்கிறார்கள். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை அவள் கடைசி அறையை முடித்தாள். நான் கடையில் இருந்தேன், பார்க்கவில்லை. மதியம் சாப்பிட வந்தபோது சொன்னாள், சத்தமில்லாமல், சோறு போட்டுக்கொண்டே. “முடிச்சுட்டேன் மாமா.” நான் சந்தோஷப்பட்டேன். பெங்களூருக்கு எப்போது போகிறாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டேன். அவளே சொன்னாள். “போன்ல வான்னு கூப்பிட்டா நான் போக மாட்டேன். அவுக இங்கன வரட்டும். வந்தா, நானே ரெண்டாவது பாகத்தை எடுத்துட்டு வரச் சொல்லுவேன். இந்த மிஷின்ல ஓடாதுன்னா லேப்டாப் கொண்டாரட்டும். இந்த ஹாலுல, உங்க முன்னாடி உக்காந்து ஆடுறோம். என் பக்கத்துக் கல்லை நான்தான் தள்ளுவேன். தப்பாத் தள்ளுனாலும் நான்தான் தள்ளுவேன். அதுக்குச் சம்மதம்னா அதே பஸ்ல கூடப் போறேன்.”

இதுதான் அவள் சொன்னது. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாதே. போன மாதம் நண்பன் கல்யாணத்துக்குக் கோவாவுக்குப் போகக் கிடைத்தது.

இன்னும் ஒன்று எழுதிவிட்டுக் கடை வேலையைப் பார்க்கிறேன், கரண்ட் வந்துவிட்டது. இன்று காலை நடந்தது இது. சுகன்யா கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா, இத்தனை வருடம் அதன்மேல் சேலை போட்டு மூடியதைத் தவிர அதைத் தொட்டே அறியாதவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள். “அந்தக் கல்லை அப்படி எதுக்குத்தான் தள்ளுறீக ரெண்டு பேரும்? எனக்கும் கொஞ்சம் காட்டு” என்றாள். சுகன்யா எழுந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். விளையாட்டைத் திறந்து முதல் அறையைக் கொண்டுவந்து வைத்தாள். நாலு விசைகளைக் காட்டி, “இதை அமுக்கினா நடப்பான். மத்ததை நீங்களே பாருங்க அத்தை” என்று மட்டும் சொன்னாள்.

உன் அம்மா ஒரு விரலால் அமுக்கினாள். தொப்பிக்காரன் சுவரில் போய் முட்டினான். திரும்ப அமுக்கினாள், திரும்ப முட்டினான். நான் பொறுக்காமல் வாயைத் திறந்தேன். சுகன்யா என்னைத் திரும்பிப் பார்த்து, பேசாதீக என்பது போலத் தலையை ஆட்டினாள். பிறகு தரையில் சம்மணம் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, உன் அம்மா என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உன் அம்மா இரண்டு தடவை எழப் பார்த்தாள். “பாலை நான் பாத்துக்கிறேன், நீங்க தள்ளுங்க” என்றாள் உன் மனைவி.

அப்பா